வரி கட்ட ஆசைப்பட்ட கிரேன் அங்கிள்

வரி கட்டாமல் தப்ப வழி தேடுகிறவர்களால் நிறைந்தது கொழும்பு. தன்னிடம் வரி எடுக்கச் சொல்லிச் சண்டைக்குப் போன ஒரே மனிதர், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் இருந்த கிரேன் அங்கிள்தான்.

துறைமுகப் பக்கம் நாள் சம்பளத்துக்குக் கிரேன் ஓட்டியவர். ஓய்வூதியம் கிடையாது. நீரிழிவு அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. டொக்டரின் சான்றிதழ், கிராம சேவகரின் சிபாரிசு எல்லாம் கொடுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்க மாதக் கொடுப்பனவு கிடைத்தது. பிறகு ஒருநாள், நிலைமையில் ஏதும் மாற்றம் உண்டா என்று கேட்டுப் பிரதேச செயலகத்திலிருந்து ஒரு பெண் உத்தியோகத்தர் வந்தார்.

"கால் இன்னும் முளைக்கேல்ல மிஸ். முளைச்சா நானே வந்து சொல்லுறன்" என்றார் அங்கிள், மிகுந்த மரியாதையோடு.

ஆனால் அந்தக் காசு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. "சும்மா வாங்கித் தின்னுறவன் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது மகள். அதில கொஞ்சத்தை வரியா அவங்களே எடுக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினாராம். இந்தக் கொடுப்பனவுக்கு வரி இல்லை. அவருடைய வங்கிச் சேமிப்பின் வட்டியில் மட்டும் வரியாகக் கொஞ்சம் பிடிப்பார்கள். மொத்த வருமானம் வரி எல்லைக்குள் வராததால், வங்கியில் அதைச் சொல்லி ஒரு பிரகடனப் படிவம் கொடுத்தால் அதையும் நிறுத்தலாம். அங்கிள் 'பிடிப்பார்கள்' என்பதோடு காதை மூடிக்கொண்டார். திரும்பும்போது, எல்லாருக்கும் கொடுக்கப் பேக்கரியில் வாங்கிய மீன் பணிஸ் கை நிறைய. தான் ஏற்கெனவே வரி கட்டிக்கொண்டிருப்பதாக ஃபிளாட் முழுவதும் அறிவித்தார். பிரகடனப் படிவத்தைக் கடைசிவரை கொடுக்கவில்லை. அங்கே பதிந்து வாங்கிவந்த வரி இலக்கத்தை மறந்துவிடக்கூடாதென்று செயற்கைக் காலிலேயே மார்க்கரால் எழுதிவைத்தார். பஸ்ஸில் யாராவது காலைப் பார்த்தால், காற்சட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி இலக்கத்தைக் காட்டுவார்.

அந்த வருடம்தான் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. எட்டு மாதம் அவர் வாசலைத் தாண்டவில்லை. கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னால் சுவரைப் பார்ப்பார். எனக்கும் பயம். பெயரைப் பதிந்தால் வரிக்காரர் பின்னாலேயே வருவார்களோ என்று.

"வரி வேற மேசை, கொடுப்பனவு வேற மேசை மகள்" என்று என்னை அடக்கிவிட்டு, அங்கிள் எங்கள் வீட்டுக்குள் வந்தார். மூன்று மாடி, செயற்கைக் காலோடு. மூச்சு வாங்க என் கணவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, நாளைக்கு நான் பிரதேச செயலகத்தில சிங்களத்தில சண்டை பிடிக்கப் போறன். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

என் கணவர் சிரித்தார். அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

மறுநாள் இருவரும் போனார்கள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அங்கிள் கதைக்க, இவர் கொடுப்பனவு விண்ணப்பத்தில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சில வாரங்களில் பதில் வந்தது. ஆசிரியையான என் சம்பளத்தைச் சேர்த்தால் வீட்டு வருமானம் எல்லையைத் தாண்டுகிறது, கொடுப்பனவு தர முடியாது. நான் கடிதத்தோடு முகம் தொங்க நின்றேன். அங்கிள் என் கணவரின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துக்கள் தம்பி. அரசாங்கமே உங்களை வசதியான ஆக்கள் எண்டு எழுதித் தந்திருக்கு."

அதன்பிறகு இவர் வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. காலையில் அங்கிளோடு வெளிக்கிட்டால், யாருடைய படிவத்தையாவது நிரப்பிக் கொடுத்துவிட்டு மத்தியானம்தான் வருவார்.

இப்போது அங்கிள் கல்கிசையில் தன் மகளின் வீட்டில். என் கணவர் ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறித் தனியாகப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறார். திரும்பி வந்தவரிடம், களைப்பா என்று கேட்க எனக்குத் தோன்றுவதில்லை. அங்கிள் ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்றுதான் முதலில் கேட்கிறேன்.