ராஜாத்தி யார் சொத்து?

"ராஜாத்தி யாரு சார்?" என்று கேட்டாள் ஸ்வாதி.

பூபதிக்குக் குப்பென்று வேர்த்தது. பெங்களூர் ஆடிட்டர் ஆபீசிலிருந்து கணக்குப் பார்க்க வந்திருந்த அந்தப் பெண், ஷெட்டின் நடுவில் இருந்த, இரும்பு கடையும் புது சி.என்.சி. மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷினுக்கு வாடிப்போன சாமந்தி மாலை. கதவில் சந்தனப் பட்டை, குங்குமம். காலடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். மேலே சிவப்புப் பெயின்ட்டில், கொட்டை எழுத்தில், 'ராஜாத்தி'.

"மெஷின் பேருங்க மேடம். நேத்து ஆயுத பூஜைக்கு எழுதினது."

"வாடகை மெஷின்னு சொன்னீங்களே?"

"வாடகைதாங்க."

"வாடகை மெஷினுக்கு யாராவது பேர் வைப்பாங்களா சார்?"

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் பூபதிதான் அக்கவுன்ட்ஸ் ஆபீசர். எந்த ஆடிட்டர் எதைக் கேட்டாலும் வாயில் பதில் வைத்திருக்கிற மனுஷன். அன்றைக்கு வாடின மாலையைக் கழற்ற ஆரம்பித்தார்.

2001 ஏப்ரலில் புதிதாக ஒரு விதி வந்திருந்தது. பத்திரத்தில் வாடகை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பொருளை ஆயுசு பூராவும் யார் வைத்து அனுபவிக்கிறார்களோ, கணக்கில் அவர்கள் சொத்தாகத்தான் காட்ட வேண்டும். கட்டவேண்டிய மீதி வாடகை மொத்தமும் கடனாக ஏறும். ராஜாத்திக்கு ஒன்பது வருஷ ஒப்பந்தம், அவள் ஆயுசே ஏறக்குறைய அவ்வளவுதான்.

"இந்த அரையாண்டுக்கு ஒரு குறிப்பு மட்டும் எழுதிடறேன். டிசம்பர் காலாண்டுல இது உங்க சொத்துன்னு காட்டியே ஆகணும்" என்று சொல்லிவிட்டு ஸ்வாதி காரில் ஏறிப் போய்விட்டாள்.

பூபதிக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கில் இன்னும் கொஞ்சம் கடன் ஏறினாலும் கொடுத்துவரும் பணத்தை நிறுத்திவிடுவோம் என்று பேங்க்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பேங்க் பணம் இல்லாவிட்டால் இரும்பு வராது. இரும்பு வராவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. பாகலூர் ரோட்டில் ஜன்னல்கூட வைக்காத புது வீட்டில் அவர் மனைவி ஜோதிமணி சாக்குத் துணி கட்டிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் சிப்காட் முழுக்க ஆள் குறைக்கிற பேச்சாகவே இருந்தது. தலை நரைத்தவனை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

முதலாளி நாராயணப்பன் மட்டும் பதறவே இல்லை.

"அது நம்ம மெஷின் இல்லேன்னு ஆக்கிடு பூபதி. வாடகைக் கம்பெனிக்காரங்க தெரிஞ்சவங்கதான். நீ என்ன கேட்டாலும் எழுதித் தருவாங்க."

பூபதி ஒன்பது வருஷத்தை மூன்று வருஷமாக்கினார். வாடகைக் கம்பெனி உடனே சம்மதித்தது, வாடகையை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டு. பிறகு பெயரை அழிக்க வேண்டும். எழுதியவர் மெஷினை ஓட்டுகிற ஆஞ்சப்பன். யூனியன் தலைவரும் அவர்தான்.

"எங்கம்மா பேருங்க சார் அது."

"உங்கம்மா பேருன்னா அந்தப் பொண்ணு ஒத்துக்குமாய்யா? அழிச்சாத்தான் கம்பெனி பொழைக்கும்."

ஆஞ்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டே பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் தேய்த்தார். எழுத்தோடு மெஷினின் பச்சைப் பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. ராஜாத்தி சொறி பிடித்த மாதிரி நின்றாள்.

நவம்பரில் ஸ்வாதி மறுபடி வந்தாள். சொறியைப் பார்த்தாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள்.

"இதுக்குன்னே குழி வெட்டி, காங்கிரீட் போட்டு, போல்ட் அடிச்சு இறக்கியிருக்கீங்க. யாராலயும் அசைக்க முடியாது. மூணு வருஷத்துல திருப்பித் தர்ற பொருளை இப்படியா வைப்பாங்க?"

பூபதி போல்ட்டுகளைக் கழற்றச் சொன்னார். குழியை மூடி, மெஷினை ரப்பர் கட்டைமேல் நிறுத்தினார்கள். எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்று ஸ்வாதிக்குத் தெரிய வேண்டுமே. தெரிந்தது. ராஜாத்திக்கும் தெரிந்துவிட்டது. சுவிட்சைப் போட்டதும் அவள் ஆட ஆரம்பித்தாள். காலையில் வடக்கே பார்த்து நின்றவள் சாயங்காலம் கிழக்கே பார்த்து நின்றாள். கடைந்த பாகம் ஒன்றுகூட அளவுக்கு வரவில்லை. வாங்கிய கம்பெனிகள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்ப, சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள் நிறுத்த இடமில்லாமல் போயிற்று.

டிசம்பரில் கணக்குப் போட்டால், ஏறின வாடகையும் திரும்பி வந்த சரக்கும் சேர்ந்து அந்தக் காலாண்டு நஷ்டம் என்றது. கடன் ஏறினால்தான் பேங்க் பணத்தை நிறுத்தும் என்றில்லை, நஷ்டம் என்றாலும் நிறுத்தும். பூபதி போய் முதலாளி முன்னால் தலை குனிந்து நின்றார்.

"இதுக்கா அழற?" என்றார் நாராயணப்பன். "மீதி நாலு பழைய மெஷின் இருக்குதில்ல? அதையும் அதே வாடகைக் கம்பெனிக்கு வித்துடு. வித்துட்டு நாமளே வாடகைக்கு எடுத்துக்குவோம். கணக்குப் புஸ்தகத்துல அதுக்கெல்லாம் என்ன மதிப்பு இருக்கு?"

"ஒண்ணுமே இல்லீங்க சார். தேய்ஞ்சு போச்சு."

"அப்ப வித்த காசு பூரா?"

"லாபம்!" என்று கத்தியேவிட்டார் பூபதி. புது விதியே அதற்கு இடம் கொடுத்திருந்தது. தனக்கு இது தோன்றவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பேங்க்கை நான் பாத்துக்கறேன். பத்திரத்துல நீயே கையெழுத்துப் போட்டுடு. அதிகாரம் எழுதித் தரேன்."

வம்பு எதற்கு என்று அந்த நாலு மெஷின்களின் போல்ட்டையும் பூபதி முன்கூட்டியே கழற்ற வைத்தார். ஸ்பானரைக் கையில் பிடித்தபடி ஆஞ்சப்பன் வந்து நின்றார்.

"சார், மெஷினு கம்பெனி பேர்ல இருக்கற வரைக்கும்தாங்க எங்களுக்குப் பிடி. நாளைக்கு ஆளை நிறுத்தினா, மெஷினை எடுக்க விடமாட்டோம்னு கேட்டுல உக்காருவோம். அடுத்தவன் பொருளை எப்படிங்க மறிக்கறது?"

"யாருய்யா எடுக்கப்போறா? எல்லாம் கடுதாசியில மட்டுந்தான்."

"சத்தியமாங்களா?"

"சத்தியமா."

ஆஞ்சப்பன் அடுத்த போல்ட்டில் ஸ்பானரை மாட்டினார். பூபதி பொய் சொல்லவில்லை. அவர் அதை முழு மனசோடு நம்பினார்.

ஜனவரியில் ஸ்வாதி டிசம்பர் காலாண்டுக் கணக்கில் கையெழுத்துப் போட்டாள். கடன் ஏறவில்லை. காலாண்டு லாபம். நாராயணப்பன் பூபதியைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லேன்னா என்னால ஆயிருக்காதுய்யா" என்றார். அந்தச் சந்தோஷத்தில் குடியரசு தினத்துக்கு இரண்டு பஸ் பிடித்துத் தொழிலாளிகள் எல்லோரையும் குடும்பத்தோடு ஒகேனக்கல்லுக்கு அனுப்பி வைத்தார். ஜோதிமணிக்குக் காய்ச்சல். பூபதி மட்டும் போகவில்லை.

ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. வருஷா வருஷம் கம்பெனியில் கொடி ஏற்றுவார்கள். இந்த வருஷம் யாரும் இல்லையென்று விட்டுவிடுவதா? ஜனவரி இருபத்தாறு காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பொட்டலம் ஆரஞ்சு மிட்டாயும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போனார்.

கேட் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கிரேன். ஒரு டிரெய்லர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன்மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிய மூட்டையின் ஓரத்தில் சொறி பிடித்த பச்சை தெரிந்தது. ஷெட்டுக்குள் வெறும் தரை.

வாட்ச்மேன் கௌஸ் பாஷா ஓடி வந்தார்.

"நிறுத்திப் பாத்துட்டேன் சார். நாலு வண்டி போயிருச்சு. கடுதாசி காட்டறாங்க. மெஷினெல்லாம் வாடகைக் கம்பெனியோடதாம். கீழ உங்க கையெழுத்துதான் இருக்குது சார்."

பூபதி ஆபீசுக்குள் ஓடி முதலாளி வீட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவர் செல்போனும் அணைந்து கிடந்தது. பாவம், மனுஷனுக்கு விஷயம் தெரிந்தால் நெஞ்சே நின்றுவிடும் என்று பூபதி பதறினார். இந்நேரம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் ஆஞ்சப்பனின் முகம் ஞாபகத்துக்கு வந்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மிட்டாயைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் டிரெய்லருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். வாழ்க்கையில் அவர் எதையும் மறித்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு அடி நகரக்கூடாது! என்மேல ஏத்திட்டுப் போ!"

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரன் போலிருக்கிறது, கன்னடம் கலந்த தமிழ்.

"ஏன் சார்? நானு கூலிக்கு ஓட்றவன் சார். எங்கிட்ட எதுக்கு ஜகளா, சண்டை?"

"உங்கிட்ட இல்லடா! எங்க முதலாளிக்குத் தெரியாம, லீவு நாளாப் பாத்துத் திருடறானே, அந்த வாடகைக் கம்பெனி ஓனர், அவனைக் கூப்பிடு! எவன்டா அவன்?"

டிரைவர் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

"தோ, முன்னாடி வெள்ளைக் கார்ல எங்களுக்கு வழி காட்டிட்டுப் போறாரல்லா, நாராயணப்பன் சாரு, அவருதான்."