காலியாக இருந்த உரிமக் கோப்பு

எழுத்துரு தயார். அதை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லி அதோடு வைக்க வேண்டிய உரிமக் கோப்பு மட்டும் காலி. மாலைக்குள் சிறுவர் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. உரிமம் வராவிட்டால் பழைய எழுத்துருதான் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

"யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு எழுதிட்டுச் சாப்பிட வாங்க," என்றாள் மனைவி.

எழுதினார் எழுத்துருக்காரர். உடனே அழித்தார். "எவனாவது 'க'வோட மூக்கை லேசாத் திருகி, தன்னுதுன்னு பூட்டி வித்துட்டா?"

"அப்போ வியாபாரத்துக்குக் கூடாதுன்னு போடுங்க."

போட்டு அனுப்பினார். ஆசிரியர் போனில் வந்தார். "சார், நாங்க பத்திரிகையை விக்கிறோம். சும்மா கொடுத்தா என் வீட்டு அடுப்பை யார் எரிப்பா?"

நியாயம்தான். எழுத்துரு ஒரு விசித்திரப் பிறவி. பார்த்தால் படம், பிரித்தால் நிரல். நிரல்தானே என்று மென்பொருள்காரர்களின் உரிமத்தை எடுத்தார். அதைச் சேர்த்துச் செய்யும் எதையும் அதேபோல் எல்லாரும் எடுத்துக்கொள்ளத் திறந்துவிட வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் எழுத்துரு, பத்திரிகைக் கோப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"அப்போ எங்க கதை, படம் எல்லாத்தையும் திறந்துவிடணுமா?" போனில் ஆசிரியரின் குரல் கீச்சிட்டது.

"இருங்க, நானே ஒண்ணு எழுதறேன்."

எழுதினார். மாற்றக் கூடாது, மாற்றினால் கேட்க வேண்டும், கேட்டாலும் பதில் வரும்வரை தொடக் கூடாது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இது எல்லாருக்குமான எழுத்துருவா, வீட்டு வாடகை ஒப்பந்தமா? சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னும் சேர்த்துக்குங்க."

"என் உழைப்பை எவனோ அள்ளிக்கிட்டுப் போனா உனக்கென்ன?"

மீண்டும் போன். "சார், இதைப் படிச்சா எங்க வக்கீலே ஓடிடுவார்," என்றார் ஆசிரியர். "பக்கம் வடிவமைக்கிற பொண்ணு உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம். இந்தாங்க."

"வணக்கம் சார். எழுத்து ரொம்ப அழகா இருக்கு. அந்த எண்களை மட்டும் எங்கேருந்து எடுத்தீங்க?"

"அதுவா? இணையத்துல ஒரு திறந்த எழுத்துரு கிடந்துதும்மா. பூஜ்யத்துலேருந்து ஒன்பது வரைக்கும் யாரு உக்காந்து வரையறது?"

"நான்தான் சார் உக்காந்து வரைஞ்சேன். கூடவே ஒரு உரிமக் கோப்பும் வச்சிருந்தேனே?"

"அதையெல்லாம் யாரும்மா பிரிச்சுப் படிக்கிறாங்க?"

"பத்திரிகையை விக்கலாம், எழுத்துருவைத் தனியா விக்கக் கூடாது, யாரும் பூட்டக் கூடாது, இதுலேருந்து செய்யற எழுத்துருவையும் இதே உரிமத்துலதான் வெளியிடணும்னு அதுல இருக்கு. நீங்க யோசிக்கவே வேண்டாம் சார், உங்க எழுத்துருவுக்கான உரிமத்தை நான் போன வருஷமே தேர்ந்தெடுத்துட்டேன்!"