தண்ணி பிடிக்கிறவள் ஓடைக்குப் போனாள்

கெங்கம்மா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டபோது அது ஒரு குடத்தின் பெயராக இருந்தது. டோல்கேட் பக்கம் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். தெரு நெடுகக் குடங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கால் வைக்க வழியில்லாமல் பச்சைக் குடம் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தினேன். எதிர்வீட்டுக்காரி வாசலில் இருந்தபடியே, "ஏ, அத்தத் தொடாத, அது கெங்கம்மா" என்றாள். நான் குடத்தைப் பார்த்தேன். கழுத்தில் ஒரு நசுங்கல். மற்றபடி அடக்கமான குடம். ஆளைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அவள் என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு எனக்கு ஓரகத்தியானது அதற்கும் பிறகு. தாலி ஏறி, மாலை வாடுவதற்குள் என் காதருகே குனிந்து புதுப்பெண் கேட்ட முதல் கேள்வி: "யக்கா, இங்க தண்ணி எப்போ வரும்?"

இது ஒரு தனி இனம். தண்ணி குடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவர்கள் தண்ணி பிடிக்கிறவர்கள். ஒரு பாத்திரத்தைப் பார்த்தால் நீங்களும் நானும் இதில் குழம்பு வைக்கலாமா, பாயசம் வைக்கலாமா என்று யோசிப்போம். இவர்கள் எவ்வளவு கொள்ளும் என்று யோசிப்பார்கள். தொலைக்காட்சி அலறும், மிக்ஸி அலறும், பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை அலறும். அத்தனைக்கும் நடுவே தெருமுனையில் தண்ணி லாரி திரும்புகிற சத்தம் இவர்கள் காதில் மட்டும் தனியாக விழும். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் புஸ்ஸென்று ஒரு காற்று வருமே, அதைத் தூக்கத்திலேயே கேட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். நேற்றுப் பிடித்த தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு இன்றைய தண்ணீரைப் பிடிப்பார்கள். ஏன்? நேற்றையது பழசாம். பிடித்ததைத் தொட்டுவிடவும் முடியாது. கை கழுவ ஒரு செம்பு மொண்டால், "அது அவசரத்துக்கு வெச்சிகீறேன்" என்று கையைத் தட்டிவிடுவார்கள். அந்த அவசரம் எப்படி இருக்கும் என்று இதுவரை எவரும் பார்த்ததில்லை.

விம்கோ நகரில் கெங்கம்மா வீட்டுக்கு நீங்கள் போனால் நேராக நடக்க முடியாது. நீல டிரம்களுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருப்பாள், கீழே குடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி: தட்டு, முறம், பழைய காலண்டர் அட்டை. என் கொழுந்தன் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் தனக்கென்று ஒரு மூலை கேட்டுப் பார்த்தார். அவர் போன பிறகு அந்த மூலையிலும் ஒரு டிரம் வந்தது.

அவள் மகன் திலீப் துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் கிடங்கில் வேலை பார்க்கிறான். மாதவரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோக ஏற்பாடு செய்தான். குழாயைத் திருப்பினால் எந்த நேரமும் தண்ணீர். அவன் மனைவி செங்கொடி வியாசர்பாடிக்காரி, வாயாடி, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அத்த வர்ட்டும். ராணி மாதிரி பாத்துக்கறேன். டிரம்மு வரக் கூடாது. என் கொயந்த தவழ்றதுக்கு எடம் வோணும்."

"டிரம்மு இல்லாத வூட்ல எப்டிமே தூங்குறது?" என்றாள் கெங்கம்மா. "நீங்க போங்க. நான் இங்கியே கீறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பேத்தி மடியில் இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு பக்கம் பேத்தி, ஒரு பக்கம் டிரம். இதில் என்ன யோசிக்க இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் யோசித்தாள். ஒரு டிரம்மின் மூடிமேல் குழந்தையை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டே யோசித்தாள்.

திலீப்புக்கு ஒரு யோசனை வந்தது. நிற்காத தண்ணீரைக் கண்ணால் பார்த்தால் அம்மாவின் பயம் தெளிந்துவிடும். அவனோடு வேலை பார்க்கும் தவ்ஃபீக்குக்குக் கொடைக்கானலுக்கு மேலே ஓர் இடம் தெரியும். பைன் மரக் காடு, நடுவே ஓடை, ஓடைக்கரையில் கூடாரம். தவ்ஃபீக்கும் அவன் மனைவி ஜெரினாவும், திலீப் குடும்பமும், கெங்கம்மாவுக்குத் துணையாக நானும் ஒரு வேனில் கிளம்புவதென்று முடிவானது. புறப்படும் முன் செங்கொடி பந்தயம் கட்டினாள். மலையில் இருக்கிற வரைக்கும் ஒரு செம்பு தண்ணீர்கூட யாரும் ரொப்பி வைக்கக் கூடாது. அத்தை ரொப்பாமல் இருந்தால் டிரம்கள் மாதவரம் வரலாம். ரொப்பினால் வரக் கூடாது. கெங்கம்மா பேத்தி தலைமேல் கை வைத்து ஒப்புக்கொண்டாள். வேனில் ஏற்றுகிறபோது பார்த்தேன், சமையலுக்கென்று அவள் எடுத்துவைத்த குண்டான்களில் ஒரு தெருவுக்கே சமைக்கலாம்.

பைன் மரங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கிளை கிளையாகப் பரவாமல், குழாய்களை நட்டுவைத்த மாதிரி நெட்டுக்கு நிற்கின்றன. கீழே ஊசி ஊசியாக உதிர்ந்து மெத்தை போட்டிருக்கிறது. ஓடை கூடாரத்துக்குப் பக்கத்திலேயே கூழாங்கல்மேல் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். கெங்கம்மா, கூட்டத்தில் கையை விட்டுவிட்டு ஓடுகிற பிள்ளையைப் பார்ப்பது போல அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். யாராவது பிடிக்கமாட்டார்களா?

கூடாரம் போட்டுக்கொடுக்கிற ஜெகதீசன் அந்த மலைக்காரர். அவரிடம் போய்க் கேட்டாள்.

"இது எப்போ நிக்கும்பா?"

"நிக்காதும்மா."

"மோட்டர் யார் போடறது?"

"மோட்டாரெல்லாம் கெடையாதும்மா. தன்னால ஓடுது."

"தன்னால ஓடறது தன்னால நின்னுச்சினா, நீ யாரப் போய்க் கேப்ப?"

ஜெகதீசன் ஓடையைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அப்படி அவர் யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பிற்பகல் முழுக்க கெங்கம்மா வாக்குத் தவறவில்லை. சாப்பிட்டதும் குண்டான்களைத் தூக்கிப்போய் ஓடையில் தேய்த்தாள். தேய்த்து, அலசி, கூடாரத்துக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். எல்லாம் வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தன.

"அத்த, இன்னாத்துக்கு எல்லாத்தியும் நிமித்தி வெச்சிகீற?" என்றாள் செங்கொடி.

"காயுறதுக்கு."

"கவுத்து வெச்சாதான் காயும்."

"நம்மூர்ல. மலைல எப்டி காயும்னு உனுக்குத் தெரிமா?"

ஜெரினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வுடு செங்கொடி. அம்மா ரொப்பல, சொம்மா வெச்சிகீறாங்க. பந்தயத்துல அது இல்லியே."

படுத்த பிறகும் கெங்கம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "யக்கா, கேக்குதா? யாரோ தொறந்து வுட்டுட்டுப் பூட்டாங்க" என்று புலம்பிக்கொண்டே இருந்து, கடைசியில் பேத்தியை அணைத்தபடி கண்ணயர்ந்தாள்.

விடிந்தும் விடியாத நேரம். மேல்மலையில் மழை பெய்திருக்கிறது. ஓடையின் சத்தம் சலசலப்பிலிருந்து தடதடப்புக்கு மாறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, கண்ணைத் திறக்காமலேயே, கெங்கம்மா தன் தொண்டையில் எத்தனையோ வருஷமாகக் குடியிருக்கிற அந்தக் குரலில் கத்தினாள்:

"தண்ணி வந்துட்ச்சி!"

கத்திவிட்டுப் புரண்டு படுத்துத் தூங்கிப்போனாள்.

பிறகு நடந்ததை நான் உள்ளது உள்ளபடி சொல்கிறேன். இரண்டு கூடாரத்தின் கதவும் ஒரே நேரத்தில் கிழிகிற மாதிரி திறந்தன. செங்கொடி குழந்தையை வாரி என் மடியில் போட்டுவிட்டு, வெளியே நிமிர்ந்திருந்த குண்டான்களில் கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே ஜெரினா, பிரியாணி தேக்சாவோடு. தவ்ஃபீக் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, ஐஸ் வைத்து மீன் கொண்டுவந்த பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியபடி போனான். திலீப் கையில் கெட்டில். நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். இடுப்பில் குழந்தை இருந்தது. கையில் இருந்தது சின்னச் செம்புதான்.

கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை ஓடை. எந்த இடத்தில் வேண்டுமானாலும் குனியலாம். நாங்கள் ஒரே ஒரு கல்லுக்குப் பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக நின்றோம்.

"ஜெரினா, நான் முன்னாடி வந்தேன்."

"நீ எங்க வந்த? என் தேக்சாவ மொதல்ல வெச்சிட்டுதான் துப்பட்டா எடுக்கப் போனேன். தேக்சா கீது பாரு."

"ஆள் இல்லாத தேக்சாக்கு எவ எடம் குட்த்தது?"

"நைட்டெல்லாம் என் தோள்ல சாஞ்சி தோஸ்துன்னு பேசிக்கினு இருந்தியே, இப்போ இன்னாமே?"

"அது வேற, இது வேற."

"மாமு, ஆளுக்கு ரெண்டுன்னு வெய்யி" என்று தவ்ஃபீக் திலீப்பிடம் சொன்னான். "அப்பால மறுசுத்து வர்ட்டும்." திலீப்பும் கெட்டிலைக் கையில் பிடித்தபடி, ஒரு பொறுப்பான மனிதனாக, ஆளுக்கு ரெண்டு என்று அறிவித்தான்.

மழை கலந்து தண்ணீர் டீ நிறத்தில் வந்துகொண்டிருந்தது. யாரும் நிறத்தைப் பார்க்கவில்லை. வருகிறபோது பிடிக்க வேண்டும். நிறம் எங்கே போய்விடப் போகிறது? உண்மையான டீயோடு மேலேயிருந்து இறங்கிவந்த ஜெகதீசன், எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கிட்டெல்லாம் காலியாத்தான கெடக்கு, ஏன் இங்கனயே நிக்கிறீங்க?" என்று கேட்டபடி ஒரு டம்ளரை அலம்ப ஓடைப்பக்கம் குனிந்தார்.

"அண்ணே," என்றாள் செங்கொடி, "லைன்ல வாங்க."

அவரும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

இரண்டு குண்டானும் தளும்ப, ஒன்று இடுப்பில் ஒன்று கையில், செங்கொடி கூடாரத்துக்குத் திரும்பியபோதுதான் வாசலில் கெங்கம்மாவைப் பார்த்தாள். கெங்கம்மா அப்போதுதான் எழுந்து, வெறுங்கையோடு, தலையை முடிந்துகொண்டு நின்றிருந்தாள். செங்கொடி நின்றாள். இடுப்பைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பின்னால் வந்த நாங்களும் நின்றோம். என் செம்பை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். பந்தயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

கெங்கம்மா சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. மருமகள் இடுப்பிலிருந்த குண்டானை எட்டிப் பார்த்தாள்.

"கலங்கலா கீது. தெளிய வெய்யி," என்றாள். "மூடி போட்டு வெய்யி. பூச்சி வுயுந்துடும்."

செங்கொடி மூடி தேடப் போனாள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கத்து ஜனங்கள் அப்படி, பாவம் என்று பெருந்தன்மையாக நினைக்கலாம். உங்கள் வீட்டில் குழாய் எந்த நேரமும் வருகிறது என்றும் சொல்வீர்கள். நம்புகிறேன். எழுந்துபோய்க் குளியலறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த மூலையில் ஒரு பக்கெட் ரொம்பி நிற்கிறதா? யார் ரொப்பினார்கள்? எதற்கு? அவசரத்துக்கா? சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. மூடி போட்டிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

கெங்கம்மா இப்போது மாதவரத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். டிரம்கள் பால்கனியில் இருக்கின்றன. செங்கொடி வாங்கிய ஒன்று மட்டும் சமையலறையில் இருக்கிறது.