ரூபி அக்காவின் பாம்பு வசனம்

இறையியல் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறவனைப் பிரசங்க மேடையில் ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலாம் வருடத்துக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. அவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கடைசி வருடத்துக்காரனுக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதாவது தெரிந்திருக்கும். நடுவில் நிற்கிறவன் இருக்கிறானே, அவன் கிரேக்கத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய தைரியத்தில் பஸ் கொண்டக்டரிடம்கூட மூலமொழியில் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பான். நான் அப்படித்தான் இருந்தேன்.

அந்த வாரம் வகுப்பில் மாற்கு சுவிசேஷம் முடிந்திருந்தது. அதன் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு பெரிய கைப்பிரதிகளில் இல்லை, பிற்காலத்தில் வேறொரு கை அவற்றைச் சேர்த்திருக்கலாம் என்று படித்தோம். விசுவாசிகள் பாம்பைக் கையில் எடுத்தாலும் தீங்கு வராது என்ற வசனமும் அந்தப் பன்னிரண்டுக்குள்தான் வருகிறது. பாடம் முடிந்ததும் விரிவுரையாளர், “இதையெல்லாம் கொண்டுபோய்ச் சபையில கொட்டிராதீங்க” என்றார். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். (அடிக்கோடு மட்டும் போடவில்லை.)

சனிக்கிழமை வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்து ஊர் ஒன்றின் போதகர் போன் எடுத்தார். காய்ச்சல், எழும்ப முடியவில்லை, ஞாயிறு ஆராதனைக்கு என்னை வரச் சொன்னார். “ஒரு குடும்பத்துக்கு நன்றி ஆராதனை. சின்னதா ஆறுதலாப் பேசு, போதும்.” காலையில் நண்பனின் மோட்டார் சைக்கிளில் வலையிறவுப் பாலத்தைக் கடந்தபோது எனக்குள் ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார்.

நன்றி சொல்ல வந்த குடும்பம் ரூபி அக்காவும் அவருடைய கணவர் தேவா அண்ணனும். தேவா அண்ணன் விவசாயி. வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றபோது விரியன் கடித்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தவர். அந்த மூன்று நாளும் ரூபி அக்கா கட்டிலருகில் வேதாகமத்தை விரித்து, ஒரே வசனத்தைச் சொல்லிச் சொல்லி ஜெபித்தாராம். அன்று வாசிக்கும்படி அவர் கேட்டிருந்ததும் அதே வசனம்தான். எந்த வசனம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். நான் மகிழ்ந்தேன். படித்த பாடம் வீணாகாமல் உடனே பயன்படுகிறதே என்று பூரித்தேன். இருபத்தைந்து நிமிடம் பேசினேன். தோலில் எழுதிய பிரதிகளின் நீள அகலத்தைக் கைகளை விரித்துக் காட்டினேன். “ஆகவே சபையாரே, இப்போது நாம் வாசித்த பகுதியை மாற்கு எழுதவேயில்லை” என்று முடித்துவிட்டு, கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தவன்போல் ஒரு கணம் நிறுத்தினேன்.

முன் வாங்கில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்த தேவா அண்ணன் கேட்டார்: “அப்ப என்னக் காப்பாத்தினது ஆரு தம்பி?”

“ஆஸ்பத்திரியில ஏத்தின மருந்து அண்ணன்” என்றேன். (கடவுளின் பெயரை ஒரு பேச்சுக்காவது சேர்த்திருக்கலாம். நின்றது அவருடைய வீட்டில்!)

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. நாட்டுக்கோழிக் கறியில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்த ரூபி அக்கா, மெதுவாகக் கேட்டார். “நீங்க படிச்ச புள்ள. நேராச் சொல்லுங்க தம்பி. அது உள்ளதா, இல்லாததா?”

“பழைய பிரதியில இல்லாததுதான் அக்கா.”

“அப்ப சரி” என்றவர் தயிர் போட்டார். நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

வியாழக்கிழமை போதகர் மறுபடியும் போன் எடுத்தார். காய்ச்சல் மாறியிருந்தது, கோபம் ஏறியிருந்தது. “டேய், அந்தப் புள்ளைக்கு என்னடா சொன்னாய்? வேதாகமத்தில கடுதாசி ஒட்டி வெச்சிருக்காள். வந்து பார்.”

ரூபி அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கொப்பித் தாளை அளவாக வெட்டி, சோற்றுப் பசை பூசி, மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களின்மேல் ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தார்.

“கிழிக்கத்தான் பாத்தன் தம்பி. மற்றப் பக்கத்தில லூக்கா தொடங்குது. அந்த மனுசன் என்ன பிழை செஞ்சார்?” என்றார் ரூபி அக்கா. பிறகு குரல் இறங்கியது. “மூணு நாளும் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தன். அது இல்லாத வசனமெண்டா, நான் அங்க ஆரோட கதைச்சன் எண்டு விளங்கல்ல. இப்ப ஜெபம் பண்ண இருந்தா வாய் வருதில்ல.”

எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. எல்லாச் சபையும் காலங்காலமாக வாசிக்கிற வசனம், சேர்த்தவரும் விசுவாசிதான், நீங்கள் ஆண்டவரோடுதான் பேசினீர்கள் என்று என்னவெல்லாமோ சொன்னேன்.

“அப்ப இருக்கா?”

“இருக்கு அக்கா.”

“ஞாயித்துக்கிழமை இல்லையெண்டீங்களே.”

வேதாகமத்தைக் கையில் வாங்கினேன். கடுதாசியைக் கழற்றித் தருகிறேன் என்று தண்ணீர் தொட்டு ஓரத்தை உரித்தேன். வந்தது. கூடவே அச்செழுத்தும் வந்தது. லூக்கா எப்படியோ தப்பினார். மாற்குவின் முடிவு முழுவதும் என் விரலில் ஒட்டிக்கொண்டு நின்றது. முற்றத்தில் இருந்து பார்த்த தேவா அண்ணன் சொன்னார்: “போன கிழமை வாயால எடுத்தார். இப்ப கையாலயே எடுத்திட்டார்.”

புது வேதாகமம் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். ரூபி அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினார். “ஆஸ்பத்திரிக்கு வந்தது இதுதான். நீங்க எடுத்ததை நீங்களே இதில எழுதுங்க.”

நீலப் பேனாவால், ஒரு துண்டுத் தாளில், பொடி எழுத்தில் பன்னிரண்டு வசனங்களையும் எழுதினேன். உரிந்த இடத்தின்மேல் அதைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். பிற்காலத்தில் வேறொரு கை சேர்த்தது என்று மேடையில் நீட்டி முழக்கினேனே, அந்தக் கை வவுணதீவுப் பக்கத்தில் சோற்றுப் பசையோடு உட்கார்ந்திருந்தது.

இப்போது நானும் போதகன். இந்தக் கதையை என் மனைவி வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் தேநீரோடு பரிமாறுகிறாள். ஓய்வுநாள் பாடசாலையில் மாற்கு சுவிசேஷத்தை எழுதியது யார் என்று கேட்டபோது என் சின்ன மகள் எழுந்து, “மாற்கும் எங்கட அப்பாவும்” என்றாள். சபையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

ரூபி அக்கா மட்டும் இதற்குச் சிரிப்பதில்லை. வருடாவருடம் நன்றி ஆராதனைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார். அந்தப் பக்கத்தைத் திறந்து, என் கையெழுத்தின்மேல் விரலை வைத்துவிட்டு, வாசிக்குமுன் என்னை நிமிர்ந்து பார்த்து உண்மையாகவே கேட்கிறார்: “தம்பி, இருக்குத்தானே?”