நொச்சி ஏரிப் பூங்காவின் எட்டு இடங்கள்

திருவண்ணாமலை,
சனிக்கிழமை மாலை.

கீழ்பென்னாத்தூரில் சர்வேயராக இருக்கும் அன்புள்ள சுப்பிரமணி மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் கவிநிலா, ஒன்பதாம் வகுப்பு, வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமில்லாததையும் விடமாட்டேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே அத்தையும் ஆதவனும் நலமா? மல்லாட்டை பிடுங்கியாயிற்றா, புதுக் கடலை எப்போது வரும் என்று அம்மா கேட்கச் சொன்னார்.

விஷயம் இதுதான். எங்கள் தெருவை ஒட்டிய நொச்சி ஏரிப் பூங்காவின் வாசலில் நான் வரைந்த வரைபடம் பலகையாக நிற்கிறது. வருகிற திங்கட்கிழமை அதைக் கழற்றப் போகிறார்கள். ஏரிக்கு மலையிலிருந்து தண்ணீர் வரும் வாய்க்காலைக் காட்டும் படம் இங்கே அது ஒன்றுதான். அது போய்விட்டால் அப்படி ஒரு வாய்க்கால் இருந்ததையே யாரும் நம்பமாட்டார்கள். எனவே இந்தக் கடிதத்தை இன்றே மோகனா டீச்சரின் செல்போனில் படம்பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்வேன். நீங்கள் நாளை, நிலத்தை அளந்து வரைந்த உங்கள் அலுவலகப் புலப்படத்துடன் வந்து, கவிநிலாவின் படம் சரி என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

முதலில் வரலாறு. இந்த ஏரியை வெட்டியது யார் என்று மூன்று பேரைக் கேட்டேன். வாசலில் கடை வைத்திருக்கும் பொன்னி அக்கா, தன் தாத்தாவின் தாத்தா என்றார். பூங்கா மேற்பார்வையாளர் தருமன் அண்ணன், "வேற யாரு, கவருமெண்ட்டுதான்" என்றார். சமூக அறிவியல் எடுக்கும் மோகனா டீச்சர், ஆதாரம் இல்லாமல் எழுதக் கூடாது என்றார். கரையில் எழுத்துள்ள கல் ஒன்று இருக்கிறது. ஆதாரம் அதுதான்; ஆனால் அதன்மேல் பல வருடங்கள் துணி துவைத்ததில் எழுத்தும் வெளுத்துவிட்டது. ஆகவே "பழைய ஏரி" என்று மட்டும் எழுதினேன். பிறகு ஏரிக்குக் கீழே இருந்த நெல்வயல்கள் பிளாட்டுகளாயின, அவற்றில் ஒன்றில்தான் எங்கள் வீடு இருக்கிறது. அதன் பிறகு ஏரி குப்பை கொட்டும் இடமாயிற்று, அதில் எங்கள் வீட்டுக் குப்பையும் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் தூர் வாரி, சுற்றிலும் நடைபாதை போட்டு, பூங்கா என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்தது புவியியல். வடக்கே மலை. மலையில் பெய்யும் மழை ஓடையாக இறங்கி, செங்கம் சாலைக்கு அடியில் புகுந்து, வாய்க்கால் வழியாக ஏரியின் மேற்கு மூலையில் விழ வேண்டும். விழவில்லை. நடைபாதை போட்டவர்கள் வாய்க்காலின் வாயைச் சிமெண்ட் பலகையால் மூடி, மேலே சிவப்புக் கல் பதித்துவிட்டார்கள். போன ஐப்பசி மழையில் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர், ஏரியில் கணுக்கால் அளவு. வாத்து மாதிரி செய்த பெடல் படகு தரையில் நிற்கிறது. பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறி, நின்ற இடத்திலேயே மிதித்துவிட்டு இறங்குகிறார்கள். வாய்க்காலைத் திறக்கச் சொல்லி மூன்று மனு கொடுத்தேன். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தருமன் அண்ணன் வாசலுக்கு ஒரு படம் வேண்டும் என்றார். மனுவில் சொன்னதைப் படத்தில் சொல்லலாம் என்று எட்டு இடங்களுக்கு எண் போட்டேன்: மர மேடை, வாத்துப் படகு, கழிப்பறை, எழுத்துக் கல், மதகு, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல், வாய்க்காலின் வாய், பம்ப் அறை. ஏரி வலது கைப் பக்கம் வரும்படி அம்புக்குறி போட்டேன். அது என் யோசனை இல்லை. யாரும் சொல்லாமலே இங்கே எல்லோரும் அப்படித்தான் சுற்றுகிறார்கள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இத்தாலிக்காரப் பெண்மணி ஒருநாள் எதிர்த்திசையில் வந்தபோது, "ஏம்மா, பாத்தா படிச்சவங்களாட்டம் இருக்கீங்க, திரும்புங்க" என்று பொன்னி அக்கா கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். மர மேடை சேறாகிறது என்று "காலணிகளை இங்கே விடவும்" என்ற வரியைத் தருமன் அண்ணன் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். எட்டு எண், வலமாகப் போகும் அம்புக்குறி, செருப்பைக் கழற்று என்ற வரி, இந்த மூன்றையும் ஒரே பலகையில் நம் ஊரில் எழுதியிருக்கக் கூடாது. மலையைச் சுற்றி எட்டு லிங்கங்கள் இருப்பதை நான் மறந்துவிட்டேன். இது என் தவறு.

வியாழக்கிழமை பௌர்ணமி. நான் பள்ளி விட்டு வந்தபோது மர மேடையில் இருநூறு ஜோடி செருப்பாவது இருந்தது. கிரிவலத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, ஏரியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வாத்துப் படகின் கழுத்தில் சாமந்தி மாலை. மதகில் எலுமிச்சை விளக்கு. கழிப்பறைக்கு முன்னால் வரிசை நின்றது, வழக்கமான காரணத்துக்காக இல்லை. நான் பம்ப் அறைக்கு ஓடினேன். வாலாஜாவிலிருந்து வேனில் வந்த ஓர் அம்மா கற்பூரத்துடன் நின்றுகொண்டிருந்தார்.

"நடை எப்ப தொறப்பாங்க கண்ணு?"

"இது பம்ப் ரூம்மா. உள்ள மோட்டார்தான் இருக்கு."

"மோட்டாரா? உள்ள ஓம்னு கேக்குதே."

"அது மோட்டார் சத்தம்மா. இது பார்க்கு. இந்தப் படத்த நான்தான் வரைஞ்சேன்."

"நீயா வரைஞ்ச? நல்லா இருக்கணும்டா தங்கம்" என்று என் நெற்றியில் விபூதி பூசிவிட்டார். அவர் கணவர் மட்டும் கொஞ்சம் சந்தேகப்பட்டார். "பதினாலு கிலோமீட்டர்னு சொன்னாங்க. இருவது நிமிசத்துல முடிஞ்சிருச்சே?" என்றார். "கூட்டம் கம்மி, அதான்" என்றார் அந்த அம்மா.

ஆனால் அவர்களுக்கும் ஒரு குறை இருந்தது. ஏழாவது இடம் கிடைக்கவில்லை. ஆறு இருக்கிறது, எட்டு இருக்கிறது, நடுவில் சிவப்புக் கல் தரைதான் இருக்கிறது. தவறவிட்டோமோ என்று சிலர் மூன்று முறை சுற்றினார்கள். கடைசியில் தருமன் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏழ எங்கய்யா வெச்சிருக்கீங்க?" "மூடி மேல கல்லு போட்டுட்டாங்களாம், இந்தப் பொண்ணு சொல்லுது." "மூடிட்டீங்களா! எப்படி மனசு வந்துச்சி உங்களுக்கு?" என்றார் வாலாஜா அம்மா. கூட்டம் கலைந்ததும் தருமன் அண்ணன் என்னிடம் வந்தார். "பாப்பா, எல்லாம் உன் படத்தால வந்த வினை. கக்கூஸ் வாசல்ல கற்பூரம் சொரண்டறதுக்கா நான் வேலைக்கு வந்தேன்? திங்கக்கெழம இத கழட்டலனா என் பேரு தருமன் இல்ல" என்றார்.

மாமா, அவர் சுரண்டியது உண்மை, நானும் கூடச் சுரண்டினேன். ஆனாலும் படத்தில் ஒரு கோடுகூடப் பிழை இல்லை. நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்கள். பலகையின் அடியில் "இது கிரிவலப் பாதை அன்று" என்று பெரிய எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிடவும் நான் தயார். அவசியம் வாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். ஆதவனுக்கு அன்பு, என் அட்லஸைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். உங்கள் வயலுக்கு வேண்டிய மழை பெய்யட்டும், மல்லாட்டை காயும்போது மட்டும் பெய்யாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மருமகள் கவிநிலா.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினேன். மேலே கையெழுத்துப் போட்டபோது மேற்கு மூலையில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு பேர் சிவப்புக் கல்லைப் பெயர்த்துப் போட்டு, சிமெண்ட் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தருமன் அண்ணன் செருப்பில்லாமல் நின்றார்.

"ரெண்டு நாளா தூக்கமே இல்ல பாப்பா. ஏழ மூடிட்டியேனு அந்தம்மா கேட்டதே காதுல நிக்குது."

"அது வாய்க்கால்தாண்ணே."

"வாய்க்கால்தான். எனக்குத் தெரியாதா? நான்தானே நின்னு மூட வெச்சேன். இருந்தாலும் ஒரு மாதிரியா இருக்குது."

வாசலில் உள்ள என் படப் பலகையையும் கழற்றப் போவதில்லையாம். கழற்றினால் அடுத்த பௌர்ணமிக்கு வருகிறவர்கள் அதையும் கேட்பார்கள் என்கிறார். ஆகவே மாமா, நாளை நீங்கள் வர வேண்டாம். புலப்படம் வேண்டாம், நான் சேர்ப்பதாகச் சொன்ன வரியும் வேண்டாம். வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தாலும், இது வெறும் பூங்கா என்று மழைக்காலம் முடியும்வரை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஓடையில் யாரோ வீடு இடித்த மண்ணைக் கொட்டித் தண்ணீரை மறித்து வைத்திருக்கிறார்கள். படத்தில் அந்த இடத்துக்கு ஒன்பது என்று எண் போடலாமா என்று தருமன் அண்ணனைக் கேட்டேன். "பூங்கா மூடுற நேரமாச்சி பாப்பா" என்று போய் விளக்குகளை அணைத்துவிட்டார்.