முன்வரிசைக்குப் பேண்ட்

பந்து வரவே இல்லை. ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் காசிவிசுவநாதன் காவல் காத்த கோல் பக்கம் ஒரு பந்துகூட எட்டிப்பார்க்கவில்லை. பையன் கம்பத்தில் சாய்ந்தபடி கையுறையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

முன்வரிசை நாற்காலியில் அவன் அப்பா செல்லக்கண்ணு நெளிந்துகொண்டிருந்தார். மகன் நல்ல கோல்கீப்பர் என்று உலகத்துக்குக் காட்டத்தான் இத்தனை பாடு. பந்தே வராவிட்டால் எதைக் காட்டுவது?

சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் புதிய கால்பந்து லீக் பர்மாவில் தொடங்கிய வருஷம் அது. பந்தை உதைக்கத் தெரிந்த பிள்ளை இருந்த வீடுகளில் அப்பாக்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் ரங்கூனில் கோ மின் முளைத்தான். கட்டணம் கட்டினால் பையனுக்கு எண் போட்ட சட்டை கொடுத்து மைதானத்தில் இறக்கிவிடுவான். மலேசியக் கிளப்பிலிருந்து தேர்வாளர் வந்து பார்ப்பார். பிடித்துப்போனால் அள்ளிக்கொண்டு போவார். முதலில் இன்சீனில் நடத்தினான், பிறகு ஒக்கலாப்பாவில். இரண்டு இடத்திலும் காசியை யாரும் அள்ளவில்லை. இப்போது பசுண்டாங் பக்கம், மூன்றாவது தடவை.

இதில் தேறினால் கடைசிச் சுற்றாம். அதற்குத் தனிக் கட்டணம். அதைக் கட்டச் செல்லக்கண்ணுவிடம் மிச்சமிருந்தது மனைவியின் தையல் மெஷின் ஒன்றுதான். சாயங்காலம் அதை வாங்க ஆள் வருவதாக ஏற்பாடு.

காலையில் சத்யபாமா மெஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"நீங்க பிளாஸ்டிக் கடையில வாளி வித்துக் கொண்டுவர்றது அரிசிக்குச் சரி. மிச்சமெல்லாம் இந்த மெஷின்தான்" என்றாள்.

"காசி மலேசியா போனா உனக்குப் பத்து மெஷின் வாங்கித் தருவான்."

"மிதிக்க எனக்கு இருக்கிறது ரெண்டு கால்தான்."

சத்யபாமா துணியைத் திருப்பிப் போட்டபடியே தீர்ப்பைச் சொன்னாள். "அந்தத் தேர்வாளர் இன்னிக்கு நம்ம புள்ளையப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை உங்ககிட்ட நேர்ல சொல்லட்டும். நானே மெஷினைத் தூக்கிக் குடுக்கிறேன். சொல்லலேன்னா, வாங்க வர்றவனை நீங்கதான் திருப்பி அனுப்பணும்."

ஒரு வார்த்தை. அதற்காகத்தான் செல்லக்கண்ணு இப்போது மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தார். மூச்சு முட்டியது பேண்டினால். ரங்கூனில் ஆபீசுக்கும் கைலி, கல்யாணத்துக்கும் கைலி. அவரிடம் இருந்த ஒரே பேண்ட், மச்சான் பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. இடுப்புப் பொத்தானைப் போட்டால் கண் பிதுங்கும். ஆனாலும் அது கோ மின்னின் கண்டிப்பான நிபந்தனை.

"உங்களுக்கு மட்டும் பாதிக் கட்டணம்" என்று முதல் தடவையே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான். "ஆனா பேண்ட் போட்டுட்டு வந்து முன்வரிசையில உட்காரணும். வெளிநாட்டு ஆள் வர்ற இடம், மரியாதையா இருக்கணும். இன்னொண்ணு, நீங்க யாரோட அப்பான்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தேர்வாளர் சாதாரண ஆள் மாதிரி கூட்டத்துல இருப்பார். அப்பன் சிபாரிசுக்கு வந்திருக்கான்னு தெரிஞ்சா பையனைக் கழிச்சுக் கட்டிடுவார்."

பாதிக் கட்டணம் என்றதும் செல்லக்கண்ணுவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஏன் என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

போன இரண்டு தடவையும் முன்வரிசையில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவர். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத பேண்ட், அதற்கு மேலே அசல் தமிழ் முகம். இப்படி ஓர் ஆள் ரங்கூனில் முளைக்க முடியாது, விமானத்தில்தான் வந்து இறங்க முடியும். செல்லக்கண்ணு தன் நாற்காலியைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டார்.

"வணக்கம். இன்று வெயில் சற்றுக் கடுமையாக உள்ளது" என்று ஆரம்பித்தார். வாழ்நாளில் அவர் இப்படிப் பேசியதே இல்லை. வழக்கம்போல் பாதி பர்மியைக் கலந்து பேசினால் மலேசியக்காரர் மட்டமாக நினைத்துவிடுவாரே.

கறுப்புக் கண்ணாடிக்காரர் விறைப்பாக நிமிர்ந்தார். "ஆமாம். மிகவும் கடுமை லா."

மலேசியத் தமிழர் பேச்சின் வாலில் ஒட்டுகிற அந்த 'லா' காதில் விழுந்ததும் செல்லக்கண்ணுவுக்குப் புல்லரித்தது. இனி சந்தேகமே இல்லை.

"அந்தக் கோல்கீப்பரைப் பற்றித் தங்கள் கருத்து?"

"அவருக்குப் பந்தே வரவில்லையே. முன்னால் நிற்கும் நான்காம் எண்ணைக் கவனித்தீர்களா? பாறை. ஒரு பந்தையும் தாண்ட விடுவதில்லை."

செல்லக்கண்ணு கவனித்தார். எதிரி யார் என்று இப்போதுதான் விளங்கியது. அந்த நான்காம் எண் தடியன்தான் காசியின் வாழ்க்கைக்குக் குறுக்கே நிற்கிறான்.

இடைவேளையில் ஒரு பொட்டலம் ஸமூசா வாங்கிக்கொண்டு அவனிடம் போனார். "தம்பி, அடுத்த பாதியில கொஞ்சம் வழி விடு. நாலு பந்து கோல் பக்கம் போகட்டும்."

பையன் அவர் முகத்தைப் பார்த்தான், பேண்டைப் பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டான். "சரிங்க சயா" என்றான், பெரிய ஐயாவிடம் பேசுகிற பர்மிய மரியாதையோடு. என்ன மரியாதையான பிள்ளை என்று செல்லக்கண்ணுவுக்கே உருகிவிட்டது.

பிள்ளை மரியாதையானவன்தான். வழி விடு என்றால் முழுசாக விட்டுவிட்டான். முதல் பந்தைக் காசி பாய்ந்து பிடித்தான். செல்லக்கண்ணு கைதட்டப் போய்ச் சட்டென்று அடக்கிக்கொண்டார். இரண்டாவது பந்து காசியின் காலுக்கிடையில் போயிற்று. மூன்றாவதுக்கு அவன் இந்தப் பக்கம் விழுந்தான், பந்து அந்தப் பக்கம் நுழைந்தது. அதற்கப்புறம் எதிரணிப் பையன்கள் வரிசையில் நின்று அடிக்காத குறை. நான்காம் எண் ஒதுங்கி நின்று, போகிற பந்துக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

செல்லக்கண்ணு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மெல்லப் பக்கத்தில் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்காரர் பூரித்துப்போயிருந்தார்.

"நான்காம் எண்ணின் பணிவைப் பார்த்தீர்களா? பெரியவர்கள் சொன்னால் அப்படியே கேட்கிறார்."

இதென்ன ரசனை என்று செல்லக்கண்ணுவுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் காரியத்தை விடவில்லை. "உண்மையில் அந்தக் கோல்கீப்பர் கோல்கீப்பரே அல்ல. முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டியவர். இடம் மாற்றி நிறுத்திவிட்டார்கள்."

"தாங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

செல்லக்கண்ணு எழுந்து, கோட்டுக்கு வெளியே ஒலிபெருக்கியோடு நின்ற கோ மின்னிடம் ஓடினார். ஆயிரம் காரணம் தயாராக வைத்திருந்தார். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

"செஞ்சிடலாம் சயா" என்று கோ மின் எல்லோருக்கும் கேட்கும்படி குனிந்து வணங்கினான். பின்னால் கைலிக் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. தன் வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பா என்று செல்லக்கண்ணு திகைத்துப்போனார். வாளிக் கடையில் முதலாளி அவரை உட்காரக்கூடச் சொல்வதில்லை.

காசி முன்னால் வந்தான். கையுறையைக் கழற்ற மறந்திருந்தான். ஜன்மத்தில் கோல் அடித்ததில்லை. அப்பா கண்ணாலேயே அதட்டுவதைப் பார்த்து, வந்தது வரட்டும் என்று காலுக்கு வந்த முதல் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். பந்து கோலுக்குப் போகவில்லை. முன்வரிசைக்கு வந்தது. அப்போதுதான் ஆவி பறக்க வந்த டீக் கோப்பை கறுப்புக் கண்ணாடிக்காரர் கையிலிருந்து பறந்து, அந்த மடிப்புக் கலையாத பேண்டின் மேல் கவிழ்ந்தது.

"அமலே! பூடெ, பூடெ!" என்று மலேசியத் தேர்வாளர் துள்ளிக் குதித்தார். ஐயோ அம்மா, சுடுதே என்று, கலப்படமில்லாத ரங்கூன் பர்மியில்.

செல்லக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நீங்க எந்த ஊரு?"

"டாலா. ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்றார் அவர் தொடையை ஊதிக்கொண்டே. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல... நீங்க கோலாலம்பூர்தானே?"

"நான் தாகேதா. இங்கே ரங்கூன்லதான்."

இருவரும் ஒருவர் பேண்டை ஒருவர் பார்த்தார்கள்.

"என் பேரு முத்து முகம்மது. நாலாம் நம்பர் என் மகன் கமால்" என்று அவர் அழாக்குறையாகச் சொன்னார். "நீங்களே எந்திரிச்சுப் போயி அவனுக்கு ஸமூசா குடுத்து வழி விடச் சொன்னீங்களே. தேர்வாளர் புள்ளையோட பணிவைச் சோதிக்கிறார்னு சந்தோஷப்பட்டுட்டேன்."

"அந்தக் கீப்பர் என் மகன்."

"அடப்பாவமே. உங்களுக்கும் பாதிக் கட்டணமா?"

"பேண்ட் போட்டா பாதி."

"யாரோட அப்பான்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாது."

செல்லக்கண்ணு சட்டென்று கோட்டுப் பக்கம் திரும்பினார். கோ மின் நின்ற இடத்தில் ஒலிபெருக்கி மட்டும் புல்லில் கிடந்தது. வாசலில் ஒரு டாக்ஸி கிளம்பிப் போவது தெரிந்தது. ஓடிப் பிடிக்கலாம் என்றால் இந்தப் பேண்டில் நடக்கவே முடியாது.

அவமானம் காதுவரை சுட்டது. ஆனால் அதற்கு அடியில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. மூன்று கட்டணம் போனது போனதுதான். மெஷின் வீட்டில் இருக்கிறது. சாயங்காலம் வருகிற ஆளைத் திருப்பி அனுப்பிவிடலாம். சத்யபாமா நாலு திட்டு திட்டுவாள், பிறகு உட்கார்ந்து தைப்பாள். ஏமாந்தது தாங்கள் இருவர் மட்டும்தானே, வேறு யாருக்கும் தன்னால் கெடுதல் இல்லையே என்று பொத்தானைக் கழற்றிவிட்டு நன்றாக மூச்சை இழுத்தார்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கைலிக் கூட்டம் முழுக்க, ஆளுக்கொரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்கள் இருவருக்கும் முன்னால் வரிசையாக நின்றிருந்தது. முதலில் நின்ற பர்மியப் பெண், கன்னத்தில் பூசிய தனாக்கா மரப்பட்டைக் குழம்பு வியர்வையில் வழிய, மகனை முன்னால் தள்ளிவிட்டுச் செல்லக்கண்ணுவைக் கும்பிட்டாள்.

"சயா, உங்களை இன்சீன்லயும் பார்த்தேன், ஒக்கலாப்பாலயும் பார்த்தேன்" என்றாள். "மலேசியாவிலேருந்து ஒரு மனுஷர் மூணு தடவை வர்றாருன்னா இது பொய்யா இருக்காதுன்னுதான், இன்னிக்குக் காலையில என் தையல் மெஷினை வித்துக் கட்டணம் கட்டினேன்."