முழத்துக்கு ஏந்திய கை

மகாபலிபுரம் பஸ் நிற்குமிடத்தில் ஓலைக் கொட்டகையும் ஒற்றை பாய்லருமாகத் தொடங்கியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. புயலில் இரண்டு தரம் கூரை பறந்தது. இரண்டு தரமும் நானே ஏறிக் கட்டினேன். பிறகு சாப்பாட்டுக் கடை, அதன்மேல் மாடி, கேளம்பாக்கத்தில் கிளை. இத்தனை கட்டியவனை நிற்கவைத்துத் திட்டிய டீ மாஸ்டர் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே ஒருவன்தான்.

டீயை ஒரு முழத்துக்குத் தூக்கி ஆற்றுவதால் அவன் பெயர் முழம். சர்க்கரை குறைத்துக் கேட்டால், "கஷாயம் வோணும்னா ஆஸ்பத்திரிக்குப் போ அண்ணாத்த" என்பான். ஆறாத டீயைத் தரவே மாட்டான்.

"பஸ்ஸ எடுத்துருவாங்க மாஸ்டர்."

"எடுக்கட்டும். டீ இன்னும் ஆறல."

பஸ் எப்படிப் போகும்? டிரைவரும் அதே டீக்குத்தான் நின்றுகொண்டிருப்பார்.

ஆற்றும் வலது கையை அவன் மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தான். அதில் பை தூக்கமாட்டான். பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து அந்தக் கையை வெளியே நீட்டிக்கொள்வான். "நாளெல்லாம் ஆவியில வேவுதில்ல, காத்து வாங்கட்டும்" என்பான். செங்கல்பட்டிலிருந்து அப்படிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தபோதுதான் எதிரே வந்த லாரி உரசியது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பூஞ்சேரி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். "யாரோடயும் சண்டையே போடமாட்டேங்குது மொதலாளி. எனக்கு பயமா கீது" என்றாள் அவன் மனைவி.

"கல்லாவுல வந்து குந்து மாஸ்டர்" என்றேன்.

"அதுக்கு நீ ஒருத்தன் பத்தாதா? பாய்லராண்ட நிக்கலன்னா நான் இன்னாத்துக்கு?" என்று சுவரிடம் சொன்னான்.

காயம் ஆறி ஒரு காலையில் அவனே வந்தான். புது மாஸ்டரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, கிளாஸை மேடையில் வைத்து, இடது கையால் குவளையைத் தூக்கி ஊற்றினான். பாதி மேடையில் ஓடியது. மறுபடி ஊற்றினான். அதுவும் ஓடியது. டிரைவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். முழம் குவளையை வைத்துவிட்டுப் படியிறங்கப் போனான். நான் கல்லாவிலிருந்து எழுந்து போய் கிளாஸை ஏந்திப் பிடித்தேன்.

"வோணாம் மொதலாளி, வெந்துரும்."

"வேவட்டும், ஊத்து."

ஊற்றினான். முக்கால்வாசி என் மணிக்கட்டில்.

"ஏந்தக்கூடத் தெரியல. நீயெல்லாம் ஒரு மொதலாளி" என்றான்.

மாதக்கணக்கில் கேட்காத திட்டு. ஆவி பட்டுவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு, டீ கேட்டவனே கிளாஸை ஏந்த வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கமாயிற்று. டிரைவர் ஏந்தினார், சிற்பம் பார்க்க வந்த வெள்ளைக்காரன் ஏந்தினான். எல்லோரும் திட்டு வாங்கினார்கள். ஆனால் அந்த உயரம் மட்டும் திரும்பவில்லை. அரை முழம் தாண்டினால் இடது கை நடுங்கும். நாங்கள் யாரும் பெயரைக் குறைக்கவில்லை. சில நாள், இல்லாத கை எரிகிறதென்று காலிச் சட்டைக்கையைக் காற்றில் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்போது யாரும் டீ கேட்கமாட்டோம்.

அவன் போய் வெகுகாலம் ஆகிறது. ஏந்தும் வழக்கத்தை ஆரம்பித்தது அந்த டிரைவர்தான் என்று ஊரில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். மாடியை எவன் கட்டியதென்று வேண்டுமானால் மாற்றிச் சொல்லட்டும். முழத்துக்கு முதலில் ஏந்திய கை என்னுடையது. மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. அதை மட்டும் என் பெயரில் போடுங்கள்.